பெரிய கோயில் அடைபடுத்த வருசம்

கருங்கால்பேட்டைக் கிறிஸ்தவர்களின் பெரிய கோயில் அடைபடுத்ததை முதலில் கண்டது யார் என்று ஊரில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. நான்தான் என்பார் மணி அடிக்கிற கோயில்குட்டி மாசிலாமணி, நான்தான் என்பார் மதிலோரம் பிரியாணி விற்கிற காசிம் ராவுத்தர், ஆனால் சந்தையே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சொன்னது முட்டைக்கார ஞானப்பூதான், அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. ஞானப்பூ வாய்விட்டுச் சொன்னால் ஓடைக்கு அக்கரையில் மேய்கிற வெள்ளாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும், அப்படிக் குரல்.

அன்றைக்குப் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, சந்தை நாள். கோழிச்சந்தை கூடுவது கோயில் சுவரை ஒட்டித்தான், வேண்டாம் வேண்டாம் என்று கோயில் கமிட்டி எத்தனையோ தடவை விரட்டிப் பார்த்தும் கோழிக்காரிகள் அந்த நிழலை விட்டு நகரவில்லை. ஞானப்பூ முட்டைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு எப்போதும்போல் சுவரில் முதுகைச் சாய்த்தவள் சுருக்கென்று நிமிர்ந்தாள். சுவர் சுட்டது. வெயில் சூடு இல்லை, அது வயிற்றுச் சூடு, கோழி அடிவயிற்றில் கையை விட்டால் தெரியுமே அந்தச் சூடு. எழுந்து நின்று பார்த்தாள். வாசல் படிகள் மண்ணுக்குள் அமுங்கியிருந்தன, உச்சி கூராக வளைந்த கூர்மாடத்து ஜன்னல்கள் கண் சொருகின மாதிரி பாதி மூடியிருந்தன, ஊருக்கே அடையாளமான அந்த நெட்டைக் கோபுரம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, கோயில் மொத்தமும் பக்கவாட்டில் கொஞ்சம் பொதுபொதுவென்று பரத்திக்கொண்டு கிடந்தது. அந்த நேரம் பார்த்து மாசிலாமணி மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். டாண் என்று சொல்ல வேண்டிய மணி ‘கொர்ர்ர்’ என்றது.

“ஏ மாசிலாமணி அண்ணே, கயித்தை விடும்! கிட்டப் போகாதேயும்! கோயிலு அடைக்குக் கெடக்கு, கண்ணு தெரியலயா உமக்கு?”

மாசிலாமணி கயிற்றை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார், நாலடி தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தார், “ஆமா மயினி, அடைதான்” என்றார். கோழிச்சந்தை மொத்தமும் எழுந்து பார்த்தது. பிறந்ததிலிருந்து கோழி முகத்தில் விழிக்கிற சனம், அதற்குச் சொல்லியா தர வேண்டும்? ஒருத்தரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது அடுத்த கேள்வியைத்தான்: அடை என்றால், முட்டை எங்கே?

அந்தக் கேள்வி எழுந்ததும் சந்தை முழுக்க மெதுவாக ஞானப்பூ பக்கம் திரும்பியது. ஏனென்றால் அதற்குப் பதில் ஊரில் எல்லாருக்கும் தெரியும், தலைமுறை தலைமுறையாக அவள் வீட்டுப் பெண்கள் சண்டை போட்டுப் போட்டு ஊர்க்காதில் ஏற்றி வைத்த பதில் அது.

விக்டோரியா மகாராணி காலத்தில் ஹார்ட்லி ஐயர் என்று ஒரு வெள்ளைக்காரர் மாட்டுவண்டியில் இந்தப் பேட்டைக்கு வந்து இறங்கினார். அந்தப் பக்கத்தில் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், வெள்ளையோ கறுப்போ, அங்கி போட்டவர் ஐயர். அவர் கையில் ஒரு படம் இருந்தது, அவர் பிறந்த ஊர்க் கோயிலின் படம், அதுவும் நம்ம ஊர் மாதிரி ஒரு சந்தைப்பேட்டைதானாம், வருசம் பூரா மழையும் பனிக்கட்டியும் கொட்டுமாம். அதே கோயிலை இங்கே எழுப்ப வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். பனிக்கட்டி வழுக்கி விழக் கூரையைச் செங்குத்தாகச் சரிக்க வேண்டும் என்றபோது கொத்தனார், “இங்க வழுக்கி விழ என்னங்க இருக்கு, காக்கா எச்சமா?” என்று கேட்டாராம். ஐயர் சிரித்துவிட்டு, சரித்தே தீர வேண்டும் என்றாராம். இன்றைக்கும் அந்தக் கூரையில் காக்கை நிற்க முடியாமல் வழுக்குவதைப் பார்க்கலாம்.

காசு எங்கே இருந்தது அந்தச் சனத்திடம்? பனை வைத்திருந்தவன் கருப்பட்டி கொடுத்தான், மாடு வைத்திருந்தவன் சுண்ணாம்பு சுமந்தான், கோழி வைத்திருந்தவள் முட்டை கொடுத்தாள். சுண்ணாம்போடு ஆற்று மணலையும் கருப்பட்டிப் பாகையும் கடுக்காய்த் தண்ணீரையும் முட்டை வெள்ளைக்கருவையும் ஊற்றி, செக்கில் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டித்தான் அந்தச் சாந்து. வெள்ளைக்கரு சுவருக்குப் போய்விட்டது, மஞ்சள்கருவை என்ன செய்ய? ஊர் தின்றது. மஞ்சள்கருக் குழம்பு, மஞ்சள்கருப் பொரியல், மஞ்சள்கரு போட்ட கூழ் என்று தின்று தின்று, கடைசியில் மஞ்சள் சேலை கட்டி எவளாவது எதிரே வந்தாலே ஆம்பிளைகள் ஓங்கரிக்கிற நிலைமை வந்துவிட்டதாம். கோபுரம் பாதியில் ஒரு தடவை சூறைக்காற்றில் சரிந்தது, மறுபடி முட்டை, மறுபடி மஞ்சள்கரு. கப்பலில் வந்த கண்ணாடிப் படத்தில் யாக்கோபு அப்போஸ்தலருக்கு மூக்கு உடைந்திருந்தது, அப்படியே மாட்டினார்கள். துறைமுகத்திலிருந்து மணி வண்டியேறி வந்த அன்றைக்கு வழியெல்லாம் சனம் குலவை போட்டது.

ஓடைக்கு அக்கரையில் புளியம்பொட்டல் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து மாடத்தி என்பவள் சந்தைக்குச் சந்தை தலையில் முட்டையைச் சுமந்துகொண்டு ஓடையைக் கடந்து வருவாள். இந்தக் கோயில் முடியட்டும், அடுத்து உங்கள் கரையில் ஒன்று கட்டுவேன் என்று ஹார்ட்லி ஐயர் அந்தச் சனத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் நெருப்பாய் வெயில். அடைக்கு வைக்கக் கொண்டுவந்த முட்டை கெட்டுவிடக் கூடாதென்று, வீட்டில் செய்கிற வழக்கம்போல, மாடத்தி முட்டைப்பானையை அடித்தளக் குழியின் ஈர மணலுக்குள் புதைத்து வைத்துவிட்டு ஒரு வாய் கூழ் குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கொத்தன் அதற்குமேல் கல்லை அடுக்கிச் சாந்தும் பூசிவிட்டான். மாடத்தி மண்ணில் விழுந்து புரண்டாள். போட்ட அடித்தளத்தைப் பெயர்க்க முடியுமா? “அம்மா, உன் முட்டை எங்கேயும் போகாது, கோயிலுக்கு அடியில்தான் இருக்கு” என்று ஐயர் ஆறுதல் சொன்னார். கோயில் முடிந்த அடுத்த வருசமே காய்ச்சலில் செத்தும் போனார், கோயிலுக்குப் பின்னால் அவர் கல்லறை இருக்கிறது. அக்கரைக் கோயில் பேச்சு அதோடு போயிற்று. மாடத்தி வீட்டில் பிறந்த ஒவ்வொருத்தியும், “எங்க பானை முட்டை உங்க கோயிலுக்கு அடியில கெடக்கு, மறந்திராதிய” என்று சந்தையில் கத்திக்கொண்டேதான் வளர்ந்தாள். ஞானப்பூ அந்த வரிசையில் கடைசி.

ஆனால் ஞானப்பூ கத்தியது முட்டைக்காக மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மழை பிறந்தால் ஓடையில் தண்ணீர் புரண்டு ஓடும், புளியம்பொட்டல் தனித் தீவாகிவிடும், ஞாயிறு ஆராதனை கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது, மணி கிடையாது. பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால் பெரிய கோயில் மணி நிறுத்தி நிறுத்தி அடிக்கும், உடனே கடைத்தெருவில், “யாருக்கு மணி?” என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்பார்கள், பேரைச் சொன்னதும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள், இந்துவும் நிற்பார், முஸ்லிமும் நிற்பார், தராசைப் பிடித்த கையும் அப்படியே நிற்கும். ஞானப்பூவின் வீட்டுக்காரர் தவசிக்கனி செத்தது அடைமழைக்குள். சேதியே ஓடையைத் தாண்டவில்லை. மணி இல்லாமல், யாருக்கு என்று கேட்க ஆள் இல்லாமல், சொந்த வேலிக்குள் குழி வெட்டிப் புதைத்தார்கள். “நாய்க்குட்டியைப் பொதைச்ச மாதிரி பொதைச்சோமே” என்று அவள் அழாத நாள் இல்லை. நம்ம கரையில் ஒரு கோயில், அதில் ஒரு மணி, தான் கண் மூடுவதற்குள் வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. வருசம் தவறாமல் கமிட்டிச் செயலர் அருமைநாயகத்திடம் போய்க் கேட்பாள், ஜவுளிக்கடை வைத்திருந்த அருமைநாயகமும் வருசம் தவறாமல், “பாப்போம் ஞானப்பூ” என்பார்.

அடைபடுத்த கோயிலை ஊர் எப்படிப் பார்த்துக்கொண்டது தெரியுமா? சொந்த மகளின் பிரசவத்தைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொண்டது. இப்போதைய பாதிரியார் எபனேசர் ஐயர், அவர் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர், ஞாயிறு ஆராதனையை வெளியே தூங்குமூஞ்சி மரத்தடிக்கு மாற்றினார், பாட்டையெல்லாம் தணிந்த குரலில் பாடச் சொன்னார். பிஷப்புக்குப் போன் போட்டார், ‘தொந்தரவு பண்ணாதீங்க’ என்று அங்கிருந்து பதில் வந்தது. காசிம் ராவுத்தர் புகை பட்டுவிடக் கூடாதென்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். பஸ்காரன் ஆரன் அடிப்பதை நிறுத்தினான். ஐப்பசி பிறந்து இடி முழங்கத் தொடங்கியதும் ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது, இடிச்சத்தத்துக்கு அடைமுட்டை கலங்கிவிடும், அதற்குத்தானே முட்டைக்குப் பக்கத்தில் இரும்பும் மிளகாய் வத்தலும் வைப்பது. வீட்டுக்கு வீடு இரும்பு கொண்டுவந்து கோயிலைச் சுற்றி வைத்தார்கள்: அரிவாள்மணை, லாடம், உடைந்த சைக்கிள் செயின், வண்டி அச்சு, மரக்கடைக்காரரின் எடைக்கல் முழுவதும், அம்மன் கோயில் பூசாரி கொண்டுவந்த ஒரு வேல். வத்தலை மூட்டையாகவே கொண்டு தட்டினார்கள். அந்தப் பக்கம் நடந்தவனெல்லாம் தும்மினான், ஆனால் ஒரு இடிக்கும் கோயில் அசைந்து கொடுக்கவில்லை.

உச்சி வெயிலில் கோயில் எழுந்திருக்கும். எந்த அடைக்கோழியும் ஒரு தடவை எழுந்து இரை தண்ணி எடுத்தாக வேண்டுமே. கல்லெல்லாம் சிலிர்த்துத் தூசியை உதறிவிட்டு, மெல்ல நடந்துபோய்த் தெப்பக்குளத்தில் கோபுரத்தைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்துவிட்டு, அவசர அவசரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தில் குழியை எட்டிப் பார்க்க ஊரே முண்டியடிக்கும். அங்கே உடைந்த பானை ஓட்டுக்கு நடுவில், நூற்றைம்பது வருசமாகக் கனம் தாங்கித் தாங்கிப் பறங்கிக்காய் அளவுக்கு ஊதிப்போன முட்டைகள். ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு வளையம், நடுவில் ஒரு புள்ளி.

“பாத்தியளா!” என்று ஞானப்பூ குதித்தாள். “பாத்தியளா எங்க வீட்டுக் குறியை!” தன் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள், அதே வளையம், அதே புள்ளி. அடுத்தவர் கோழியில் அடைக்கு வைக்கக் கொடுக்கிற முட்டைக்கு ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கரிக்குறி உண்டு, கோழிச்சந்தைக்கே அது தெரியும்.

அருமைநாயகம் தொண்டையைச் செருமினார். “முட்டை யாருதா இருந்தாலும், கோயில் எல்லைக்குள்ள வந்தது கோயில் சொத்து. அறுப்புப் பண்டிகை அன்னைக்கு எல்லாக் காணிக்கையையும் போல ஏலம் விடணும். அதானே முறை?” அவர் கெட்டவர் இல்லை, பாமாலை பாடினால் கண் கலங்குகிற மனுசன்தான், ஆனால் புறவழிச்சாலையில் அருமை நகர் என்று மனை போட்டு வைத்திருந்தார், நடுவில் ஒரு கோயில் நின்றால் மனை பறக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

“காணிக்கையா?” ஞானப்பூ இடுப்பில் கையை வைத்தாள். “அண்ணாச்சி, எங்க மாடத்தி அதைக் காணிக்கையாவா போட்டா? உங்க கொத்தன்லா மூடிப்போட்டான்! முட்டை எங்களுது, கோழி கோயிலோடது. பொரிக்கிறதுல பாதி எனக்கு, பாதி கோயிலுக்கு. சந்தையில எவளை வேணா கேளுங்க, இதானே வழக்கம்? நான் என்ன ஊர்ல இல்லாததையா கேக்கேன்?”

“பாதி அவளுக்குத்தான்” என்றது கோழிச்சந்தை ஒரே குரலில். எபனேசர் ஐயரும் தலையை ஆட்டினார். அருமைநாயகம் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, பானை நிறைய முட்டை, பாதி வந்தாலே போதும் என்று சரி சொன்னார். ஞானப்பூவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “எங்க வீட்டு முட்டையில கூமுட்டைங்கிற பேச்சே கெடையாது, எண்ணிக்கிடுங்க! எங்களுக்கு ஒரு கோயிலு, அயலூருக்கெல்லாம் ஒண்ணொண்ணு!” என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கார்த்திகையில் அறுப்புப் பண்டிகை. மரத்தடியில் வாழைத்தாரும் பூசணியும் சேவலும் கிடாயுமாகக் குவிந்து கிடக்க, ஏலம் களைகட்டி நின்ற நேரத்தில், கோயில் ‘கொக்கொக்கொக்’ என்று எழுந்து நின்றது. ஏலம் போட்டவர் கையிலிருந்த சேவலை விட்டுவிட்டார். சனம் குழியைச் சுற்றி மொய்த்தது. மாசிலாமணி உள்ளே இறங்கி முதல் முட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் குலுக்கினார். களக். கூமுட்டை. அடுத்தது, களக். அதற்கடுத்தது, களக். ஞானப்பூவின் முகம் செத்துப்போயிற்று. “கூமுட்டைங்கிற பேச்சே கெடையாதுன்னாளே!” என்று பின்னால் எவளோ சிரித்தாள், ஞானப்பூ வாயைத் திறக்கவில்லை, அவள் வாய் மூடிக் கிடந்ததை ஊர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது. களக், களக் என்று குழி மொத்தமும் முடிந்து கடைசி முட்டையைத் தூக்கியபோது மாசிலாமணி குலுக்காமல் நின்றார்.

“மயினி, உள்ள தட்டுது.”

ஓட்டில் ஒரு சிறு ஓட்டை விழுந்தது, ஊசி மாதிரி ஒரு முனை எட்டிப் பார்த்தது. உணர்ச்சிவசப்பட்டு ஐயர் விரலை நீட்ட, “உடைக்காதீங்க, உடைக்காதீங்க, அதுவா வரட்டும்!” என்று ஊரே கத்தியது. அது தானாகவே வந்தது. ஈரச் சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, துணி மாதிரித் துவண்ட கோபுரத்தைத் தூக்கத் தெரியாமல், தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்து விழுந்தது ஒரு குட்டிக் கோயில். காற்றுப் பட்டுக் காய்ந்ததும் நிமிர்ந்து நின்றது. இட்லிக் கொப்பரை உயரம். உடம்பெல்லாம் மஞ்சள், பிறந்த குஞ்சு மஞ்சள். நகத்தளவு கூர்மாடத்து ஜன்னல்கள், அதில் கண்ணாடிகூட இருந்தது. கொலுசு மணி அளவுக்கு ஒரு மணி, அது இன்னும் சத்தம் எழுப்பவில்லை. ஞானப்பூ முகத்தைச் சேலையில் பொத்திக்கொண்டு விம்மினாள்.

சரி, ஒத்தைக் குஞ்சு. அதை எப்படிப் பாதி பிரிக்க?

“சாலமோன் ராஜா காலத்துல இப்பிடித்தான், ஒரு பிள்ளையை ரெண்டா வெட்டச் சொல்லி...” என்று ஐயர் ஆரம்பித்தார்.

“ஐயரே, கத்திப் பேச்சே எடுக்காதிய!” என்றாள் ஞானப்பூ. அந்த நேரத்திலும் சனம் சிரித்துவிட்டது.

“ஏலம் விடுவோம்” என்றார் அருமைநாயகம். “வர்ற பணத்துல பாதி ஞானப்பூக்கு. இதைவிட நியாயம் உண்டா?”

நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். “எனக்குப் பணம் எதுக்கு அண்ணாச்சி? எனக்கு மணில்லா வேணும்” என்று ஞானப்பூ சொல்லச் சொல்லவே ஏலம் தொடங்கிவிட்டது, அருமைநாயகம் கேட்ட விலைக்கு மேல் கேட்க அங்கே ஆளில்லை. ஒருதரம் என்று ஏலக்காரர் இழுத்தார். அப்போது குஞ்சு கத்தியது. கீச் கீச் என்று, பசிக்கிற கத்தல்.

வேதக்காரப் பெண்கள் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள், பண்டிகைக்கு வரும்போது கொண்டுவந்து கொட்டுவார்கள். ஞானப்பூவின் கூடையில் அந்த டப்பா இருந்தது. குஞ்சு கத்திக்கொண்டு நிற்க அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளித் தரையில் தூவி, “பா பா பா பா” என்றாள். குட்டிக் கோயில் ஓடிவந்து கோபுர முனையால் அரிசியைக் கொத்திக் கொத்தித் தின்றது. அவள் ஓரடி பின்னால் வைத்து இன்னும் கொஞ்சம் தூவினாள். அது பின்னால் வந்தது. இன்னோரடி. பசித்தது, போட்டேன், வேறொன்றும் இல்லை என்றுதான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் கோயில் மதில் வாசலைத் தாண்டியபோது தன் கால் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் நிற்கவில்லை.

இரண்டு தரம் என்று ஏலக்காரர் சொல்லி வாயை மூடவில்லை, பெரிய கோயில் கோபுரத்தைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தது, குஞ்சைக் காணவில்லை என்றதும் ‘கொக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அது பின்னால் கிளம்பிவிட்டது. கடைத்தெரு வழியாக முன்னால் ஞானப்பூ, அவள் பின்னால் மஞ்சள் குஞ்சு, அதற்குப் பின்னால் கடைகளின் தார்ப்பாயை உரசாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தாய்க் கோயில், உள்ளே பெஞ்சுகள் தடதடக்க, ஆர்கன் மூச்சு வாங்க, மூக்குடைந்த யாக்கோபு ஜன்னலில் ஆடிக்கொண்டு வர, மணிக்கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மாசிலாமணி, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எபனேசர் ஐயர், புளியம்பொட்டல் சனம் மொத்தமும் குலவை போட்டுக்கொண்டு, பேட்டைச் சனம் மொத்தமும் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால் குடையை ஆட்டி ஆட்டி அருமைநாயகம்.

“ஏ ஞானப்பூ! குஞ்சைத்தானேட்டி கேட்டே? கோயிலை எங்கட்டி கூட்டிக்கிட்டுப் போற?”

“நான் எங்க கூப்பிட்டேன் அண்ணாச்சி? தாயி குஞ்சு பின்னால வருது! நான் என்ன செய்ய?” திரும்பிப் பார்த்துக் கத்தினவள் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவு பெரிய கோயில் தலைக்குமேல் வந்து நின்றது. நான் கேட்டது ஒரு குஞ்சு ஆண்டவரே, இது என்ன இது என்று முணுமுணுத்தாள்.

அந்த வருசம் அதுவரை இடிதான் முழங்கியது, அடைமழை பிறக்கவில்லை, ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். குஞ்சு பயந்து நின்றது. ஞானப்பூ அதை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள். தாய்க் கோயில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குகிற பொம்பிளை மாதிரி, வாசல் படிகளைச் சுருட்டி மேலே தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தது. அக்கரை ஏறியதும் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தவசிக்கனி கிடந்த வேலிக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. குஞ்சு அதன் அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

“சாந்து இறுகுற வரைக்கும் தாயையும் பிள்ளையையும் பிரிக்கப்படாது” என்று எபனேசர் ஐயர் தீர்ப்புச் சொன்னார். அருமைநாயகம் மறுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்போது முதல் தூறல் விழுந்தது, ஐயரையும் மாசிலாமணியையும் தவிரப் பேட்டைக்காரர்கள் எல்லாரும் ஓடையைத் தாண்டி வீட்டுக்கு ஓடினார்கள். மழை அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஓடை இரண்டு கரையையும் தொட்டுப் புரண்டது.

நீங்கள் பயப்பட வேண்டாம், தை பிறந்ததும் குஞ்சைக் கொத்தி விரட்டிவிட்டுப் பெரிய கோயில் ஓடையைத் தாண்டி வந்து தன் குழியில் பொருந்தி உட்கார்ந்துவிட்டது, இன்றைக்குப் போனாலும் பேட்டையில் பார்க்கலாம், வாசல் படியில் மட்டும் கொஞ்சம் பொட்டல் செம்மண் ஒட்டியிருக்கும். ஆனால் அந்த மழைக்காலம் மொத்தமும் கோயில் அக்கரையில் இருந்தது. பொட்டலில் வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி வந்தது, இல்லாதவர்கள் நொய் கொண்டுவந்தார்கள், குஞ்சு கன்றுக்குட்டி உயரமாகி, ஆள் உயரமாகி, வைக்கோல்படப்பு உயரமாகி, மஞ்சள் உதிர்ந்து சுண்ணாம்பு வெள்ளை கண்டது. இக்கரையில் பேட்டைக்கு ஒன்றும் ஓடவில்லை. கடை திறக்க நேரம் தெரியவில்லை. கோயிலில் ஓலை வாசித்து அறிவித்த கல்யாணங்கள் அப்படியே நின்றன. ஆண்டாண்டு காலமாகப் பார்க்காத அதிசயமாக, பேட்டைச் சனம் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் வந்து நின்று அக்கரையை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் போனது. அருமைநாயகம் தினமும் வந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் பேட்டை மொத்தமும் புதுத்துணி உடுத்திக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்துவிட்டது. வேறெங்கே போவது? சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தே பாடலாம், ஐயர் கத்திப் பிரசங்கம் செய்தால் காதில் விழும் என்று ஏற்பாடு. எல்லாரும் மணிச்சத்தத்துக்காகக் காத்து நின்றார்கள்.

பொட்டல் கரையில் மாசிலாமணி கயிற்றைக் கையில் எடுத்தார். ஞானப்பூ அவர் முன்னால் போய் நின்றாள், சத்தமே இல்லாமல் கேட்டாள்.

“அண்ணே, மொதல்ல நான் அடிச்சிக்கிடட்டுமா?”

மாசிலாமணி ஐயரைப் பார்த்தார். ஐயர் வேலிப்பக்கம் பார்த்தார். கயிறு அவள் கைக்கு வந்தது. அவள் இழுத்தாள், கொஞ்சம் நிறுத்தினாள், இழுத்தாள், நிறுத்தினாள். டாண்... டாண்... கிறிஸ்துமஸ் மணி இப்படி நின்று நின்று அடிக்காது. நல்ல நாளும் அதுவுமாக இது சாவு மணியல்லவா! பழக்கம், வாய் தானாகக் கேட்கும், வெள்ளச் சத்தத்துக்கு மேலே அருமைநாயகம் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

“யாருக்கு மணி?”

“எங்க வீட்டுக்காரருக்கு!” ஞானப்பூ கயிற்றை விடாமல் கத்தினாள், அந்தக் குரலுக்கு வெள்ளம் ஒரு பொருட்டா? “தவசிக்கனிக்கு! புளியம்பொட்டல் தவசிக்கனிக்கு!”

“அவரு செத்து ரொம்ப நாளாச்சேம்மா!”

“ஆமா அண்ணாச்சி! மணி இப்பத்தானே வந்துச்சு!”

அருமைநாயகம் குடையை மடக்கிக் கீழே வைத்தார், புதுத்துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு குடையாக மடங்கியது, காசிம் ராவுத்தர் தலைத்துண்டை எடுத்தார், பூசாரி எடுத்தார், பேட்டை மொத்தமும் நனைந்துகொண்டு நின்றது. ஞானப்பூ ஓவென்று அழுதுகொண்டே இழுத்தாள், இழுத்தாள், கை ஓய்கிற மட்டும் இழுத்தாள். அவள் கை ஓய்ந்து மணி நின்றதும், பக்கத்தில் புது வெள்ளையில் நின்ற குட்டிக் கோயில் கோபுரத்தை நிமிர்த்தி, பிறந்ததிலிருந்து முதன்முதலாக, டிங் என்றது.